நூற்றுப் பதினெட்டு கூப்பிடுகிறது

அத்தியாயம் 6

காலை பத்து மணி முப்பத்தெட்டு நிமிடம்.

வரவேற்பு மேசையின் மேல் கறுப்பு நிறத் தொலைபேசி இருந்தது. புதியது. திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. சுற்றி நான்கு பேர். ஒருவரும் அதைத் தொடவில்லை.

"இன்னும் நாலு நிமிஷம்," என்றான் ரேடியோ. "ரெண்டு நாளா வந்துச்சே, இன்னிக்கு மட்டும் லீவு போடுமா? நாமதான் போட்டிருக்கணும்."

வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் வேறு. வாய் மூடாததால் ரேடியோ. மேடத்திடம் நான்கு வருடமாக உதவியாளன். பயம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவான். இன்று காலை எழுந்ததிலிருந்து நிறுத்தவில்லை.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறிவது அவள் தொழில். பேசாமல் இருப்பது சுபாவம்.

விஷயம் இவ்வளவுதான். இது அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. தலைமை அலுவலகம் இங்கே. கிளை, பாலத்துக்கு அந்தப் பக்கம், எட்டு கிலோமீட்டர். இரண்டையும் இன்டர்நெட் வழியாகப் பேசவைக்கப் போன வாரம் வேலை தொடங்கியது. அங்கே ஒரு பெட்டி, இங்கே ஒரு பெட்டி, மேசைக்கு ஒரு போன். மூன்று எண்ணை அழுத்தினால் எந்த அலுவலகத்தின் எந்த மேசையும் மணியடிக்கும். வெளியே பேசப் பழைய லைன்தான். அதை இன்னும் இதோடு சேர்க்கவில்லை.

வேலையைச் செய்தவன் ஆறேகால் அடி உயரம். ஊரே அவனை நெட்டை என்றது. செவ்வாய்க்கிழமை மாலைக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் செல்போனுக்கு லைன் போகவில்லை. ஸ்கூட்டர் மட்டும் கிளை அலுவலக வாசலில் நின்றது.

புதன்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்கு இந்த போன் அடித்தது. திரையில் 118. கிளையின் பின்னறை எண். எடுத்தால் குரல் இல்லை. கீ, கீ, கீ. ஒரு இடைவெளி. மறுபடி கீ, கீ, கீ. வியாழக்கிழமையும் அதே நேரம், அதே சத்தம். போலீஸ் பின்னறையைத் திறந்து பார்த்தது. ஒரு மேசை. அதன் மேல் 118 என்று ஒட்டிய சீட்டு. போன் இல்லை. ஆள் இல்லை.

"பேய்க்கு ஒரு நேரம் காலம் உண்டு," என்றான் ரேடியோ. "பத்தே முக்காலுக்கு ஆபீஸுக்கு வர்ற பேயை இப்பதான் பார்க்கறேன்."

"சும்மா இருங்க தம்பி," என்றாள் ஆபரேட்டரம்மா.

இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில் இருப்பவள். குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. கீழே ஒரு மரக்கட்டை போட்டு அதன் மேல் கால் வைத்திருப்பாள். இரண்டு நாளில் முகம் வற்றிவிட்டது. புதன்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் போட்ட அலறலில் கிடங்கிலிருந்துகூட ஆள் ஓடி வந்ததாம். இரண்டு நாளும் போனின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். சாயங்காலம் வரை யாரையும் திரும்ப மாட்ட விடவில்லை.

எதிர் பெஞ்சில் நெட்டையின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். புருஷன் கிடைத்தால் முதலில் தண்ணீர்தான் கேட்பான் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் இங்கே வந்து, "அவர் ராத்திரி வீட்டுக்கு வரலையே" என்று கேட்டவள் இவள்தான். அதுவரை அலுவலகத்தில் எல்லோரும் ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பான் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"ஏம்மா," மேடம் அவளைக் கேட்டாள். "செவ்வாய்க்கிழமை அவர் கடைசியா பேசினதை இன்னொரு தடவை சொல்லு."

"அஞ்சு மணிக்கு போன் பண்ணாருக்கா. 'நான் ரெண்டு பெட்டிதான் வச்சேன். இங்க மூணாவதா ஒண்ணு உக்காந்திருக்கிற மாதிரி லைன்ல தெரியுது. என்னன்னு பார்த்துட்டு வர்றேன்'னாரு. வச்சுட்டாரு."

"இங்கன்னா எங்க?"

"சொல்லலக்கா. ஸ்கூட்டர் அங்க நின்னதால எல்லாரும் கிளைங்கறாங்க."

"சரி. அந்த ஊமை போன்?"

"ஆமாக்கா. வந்த போன்ல ஒண்ணு ஊமையாம், செவிடாம். பேசினா போகாது, அந்தப் பக்கம் பேசறதும் கேக்காது. நம்பர் அழுத்தினா மட்டும் போகும். அதுக்கும் நம்பர் குடுத்து முடிச்சப்புறம்தான் கண்டுபிடிச்சாரு. கடைக்காரன்கிட்ட மாத்தணும்னு பையிலயே வச்சிருந்தாரு."

மேடம் தலையாட்டினாள். "நேத்து அவரோட முதலாளியைக் கேட்டேன். இந்த மாதிரி போன்ல நம்பர் மேசைக்குக் கிடையாதாம். போனுக்குத்தானாம். எங்க கொண்டுபோய் மாட்டினாலும் அதே நம்பர்தான் காட்டும். 118 கிளையில இருக்குன்னு சொன்னது போன் இல்ல. மேசையில ஒட்டின சீட்டு."

118 என்பது நெட்டையின் பையில் இருந்த அந்த ஊமை போன் என்று ரேடியோவுக்குப் புரிந்தது. அப்படியானால் அந்தக் கீ கீ இயந்திரக் கோளாறு இல்லை. எங்கேயோ ஒரு மனிதன் ஊமை போனைக் கையில் வைத்துக்கொண்டு பித்தானை அழுத்திக்கொண்டிருக்கிறான்.

"அப்ப ஏன் மேடம் இங்கயே கூப்பிடறாரு? போலீஸைக் கூப்பிடலாம்ல?"

"வெளி லைன் இன்னும் சேர்க்கல. வேலை முடியாத போன்ல சைபர் ஒண்ணுதான் போகும். சைபர்னா வரவேற்பு."

"எங்க இருக்கேன்னு நம்பர்லயே சொல்லலாமே?"

"நீ எந்த எண்ணை அழுத்தினாலும் எனக்குக் கீதான். உனக்கு வேற மாதிரி கேக்குதா?"

ரேடியோ யோசித்தான். அவனுக்கும் கீதான்.

பயம் நாக்கைத் தள்ளியது. "நேத்து அந்த ஸ்கூட்டர்ல ஏறி உக்காந்து பார்த்தேன் மேடம். கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி தெரியணும். எனக்கு என் தொப்பைதான் தெரிஞ்சுது."

மேடம் நிமிர்ந்தாள். "நேத்தே ஏன் சொல்லல?"

"என் தொப்பையைப் பத்தி நானே எதுக்கு மேடம் ஊருக்குச் சொல்லணும்?"

அவள் சிரிக்கவில்லை. மறுபடி போனைப் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. ஆபரேட்டரம்மா மரக்கட்டையிலிருந்து காலை இறக்கினாள்.

"எங்க?" என்றாள் மேடம்.

"மேனேஜர் ரூம் ஏசி போடணும். பதினொண்ணுக்கு வந்துடுவார். உள்ள நுழையும்போதே குளிரணும் அவருக்கு. இல்லன்னா என்னைப் பொரிச்சுடுவார்."

"உலகமே அழிஞ்சாலும் மேனேஜருக்கு வேர்க்கக் கூடாது," என்றான் ரேடியோ.

அவள் நடைவழியில் போனாள். கதவு திறந்தது. ஒரு சுவிட்ச் விழுந்தது. ஏசி இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. திரும்பி வந்து கட்டை மேல் கால் வைத்து உட்கார்ந்தாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"ரேடியோ," மேடம் மெல்லச் சொன்னாள். "கழிப்பறைக்குப் பக்கத்துல சின்ன அறை. எல்லா கேபிளும் வந்து சேர்ற பெட்டி அங்க இருக்கு. மணி அடிச்சதும் போ. நான் ஸ்பீக்கர்ல போட்டு வைக்கறேன். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கேபிளா பிடுங்கு. சத்தம் நிக்கலன்னா திரும்ப மாட்டிட்டு அடுத்தது. எதைப் பிடுங்கும்போது சத்தம் நிக்குதோ, அவர் அந்தக் கேபிளோட அந்தக் கோடியில இருக்கார்."

"நிறைய கேபிள் இருக்குமே மேடம்?"

"வரவேற்புக் கேபிளை மட்டும் தொடாத. தொட்டா நானே செத்த போனைப் பிடிச்சுட்டு நிக்கணும்."

பத்து நாற்பத்திரண்டு.

மணி அடித்தது.

ரேடியோ எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தான். இருந்தாலும் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். திரையில் வெளிச்சம். 118. நெட்டையின் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். ஆபரேட்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

மேடம் பித்தானை அழுத்தினாள்.

கீ.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

கீ.

அடுத்தது வர ஐந்து எண்ணலாம் போலிருந்தது.

கீ.

"நேத்து இப்படி இல்லையாமே," ரேடியோ கிசுகிசுத்தான். "படபடன்னு வந்துச்சுன்னாங்களே."

"மெஷினுக்கு மூச்சு வாங்காது," என்றாள் மேடம். "ஓடு."

ஓடினான்.

கேபிள் அறை, அறைகூட இல்லை. அலமாரி. உள்ளே ஓர் ஆள் நிற்கலாம், திரும்ப முடியாது. வெந்நீர்ப் பானைக்குள் தலையை விட்டது போல் சூடு. முன்னால் ஒரு பெட்டி, வரிசையாக நீலக் கேபிள்கள், நடுவே ஒரே ஒரு சிவப்பு, மினுக்மினுக்கென்று பச்சை விளக்குகள். ஒவ்வொன்றிலும் நெட்டையின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. குட்டி குட்டியாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல் அழகான எழுத்து. இவ்வளவு நேர்த்தியாக எழுதியவன் எங்கே?

"முதல்ல சிவப்பு!" மேடத்தின் குரல் நடைவழியில் வந்தது. "வெளியேன்னு எழுதியிருக்கும். கிளைக்குப் போறது அதுதான்!"

சிவப்புக் கேபிளைப் பிடித்தான். கொக்கியை அழுத்தி இழுத்தான். எட்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்த கிளை கையோடு வந்தது.

"பிடுங்கிட்டேன்!"

காத்திருந்தான். கிளையோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. இனிச் சத்தம் வரக் கூடாது.

கீ.

மெலிதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

"வருது," என்றாள் மேடம். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு பிசிறு. "ரேடியோ, இன்னும் வருது."

இரண்டு நாளாக ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். கிளையில் கூரை ஓட்டைப் பிரித்துக்கூடப் பார்த்தார்கள். இங்கே எல்லோரும் காலையில் வந்து, டீ குடித்து, கோப்பைப் புரட்டி, சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். அவன் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்திருக்கிறான்.

"அடுத்தது!"

கிடங்கு. பிடுங்கினான். கீ. மாட்டினான்.

டிசைன். "யாருய்யா அது? பேசிட்டு இருக்கேன்ல!" என்று மாடியில் ஒருவன் கத்தினான். கீ. மாட்டினான்.

"கடவுள் மாதிரி இருக்கு மேடம்," அவன் கத்தினான். "ஒரு கையால எல்லார் வாயையும் மூடறேன்."

ஆர்டர் பிரிவு. கீ. லாரி அனுப்பும் பிரிவு. நீண்ட இடைவெளி. கீ. விரல் வியர்வையில் வழுக்கியது. சத்தங்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு இடைவெளியிலும், நின்றது கேபிளைப் பிடுங்கியதால் நின்றதா, நெட்டையின் விரல் நின்றதா என்று தெரியாமல் ரேடியோ இருட்டில் நின்றான். மேடம் சொன்ன யுக்தியில் ஒரு ஓட்டை இருந்தது. அழுத்துகிறவன் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த சீட்டு: மேனேஜர்.

பிடுங்கினான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு. ஏழு.

"போயிடுச்சு!" மேடம் அலறினாள். அவள் அலறி அவன் கேட்டதில்லை. "லைனே கட்டாயிடுச்சு! மாட்டு! உடனே மாட்டு!"

மாட்டினான். முதல் தடவை கொக்கி ஏறவில்லை. இரண்டாம் தடவை ஏறியது. பச்சை விளக்கு யோசித்து யோசித்து எரிந்தது. அவன் வரவேற்புக்கு ஓடினான்.

போன் பேசாமல் கிடந்தது.

"மறுபடி கூப்பிடுவார்ல?" நெட்டையின் மனைவி கேட்டாள். "நாமதான் கட் பண்ணோம்னு அவருக்குத் தெரியாதுல்ல? யாரோ எடுத்து வச்சுட்டாங்கன்னு நினைச்சுட்டா?"

கடிகாரத்தின் நொடிமுள் நகர்வது கேட்டது.

மணி அடித்தது. 118.

மேடம் பாய்ந்து எடுத்தாள். கீ. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம், வெகு நேரம் கழித்து, கீ.

"மேனேஜர்தான் மேடம்!" ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு அந்தாளைப் பார்த்த அன்னிக்கே தோணுச்சு. ஏசி இல்லாம இருக்க முடியாதவன் எதையும் செய்வான். பதினொண்ணுக்கு வருவார், கதவுகிட்டயே அமுக்கிடலாம்."

"மேனேஜர் ரூமுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" மேடம் கேட்டாள். கேட்டது அவனை அல்ல.

ஆபரேட்டரம்மா காதிலிருந்து கையை எடுத்தாள். "சுவர்தான்."

"இந்தக் கட்டடம் முன்னாடி பேங்க்கா இருந்ததுன்னு வாசல் காவல்காரர் சொன்னாரே. பேங்க்னா ஒரு இரும்பு அறை இருக்கும்."

"அது பழைய டெலிபோன் ஒயரெல்லாம் கிடக்கற இடம். பூட்டி ரொம்ப நாளாச்சு. முன்னாடி கோப்பு அலமாரி நிக்குது."

"பழைய டெலிபோன்னா சாவி யார்கிட்ட?"

ஆபரேட்டரம்மா மேசைக்கடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மேடம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் ரேடியோவை இன்னும் பயமுறுத்தியது.

"இந்த போனுக்குக் கரண்ட் வந்து அது முழிச்சுக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அதையும் அவர் முதலாளி சொன்னார். பத்து நாப்பத்திரண்டுக்குக் கூப்பிடுதுன்னா பத்து நாப்பதுக்குக் கரண்ட் வருது. ரெண்டு நாளும் பத்து நாப்பதுக்கு மேனேஜர் வீட்டுல இருந்தார். இன்னிக்கு எங்க கண்ணு முன்னாடியே நீங்க எழுந்து போய் சுவிட்சைப் போட்டீங்க."

"நான் ஏசிதானே..."

"ஏசின்னுதான் போட்டீங்க. அந்த இரும்பு அறை பிளக்கும் ஏசியோட அதே சுவிட்ச்சுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மேனேஜர் வெந்தே செத்தாலும் போட்டிருக்க மாட்டீங்க."

"மேடம், பாவம் அவங்க," என்றான் ரேடியோ. தன்னையறியாமல் வந்துவிட்டது. "அவங்கதான் எல்லாரையும் விட அதிகமா பயந்து..."

"ஆமா. எல்லாரையும் விட அதிகமா. எல்லாருக்கும் முன்னாடி." மேடம் ஆபரேட்டரம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புதன்கிழமை காலையில நெட்டை காணாம போனது யாருக்கும் தெரியாது. அவர் பொண்டாட்டி வந்து சொன்னதே சாயங்காலம். காலையில புது போன்ல கீன்னு ஒரு சத்தம். ரிப்பேர்னு எரிச்சல் வரணும். ஆள் கூப்பிடணும். நீங்க கட்டடமே அதிர்ற மாதிரி அலறினீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. அன்னிக்கு இந்த ஆபீஸ்ல அரண்டு போக ஒருத்தருக்குத்தான் காரணம் இருந்தது."

கீ.

எல்லோரும் போனைப் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

ரேடியோவின் கண் தானாகக் கீழே போனது. மேசைக்கடியில் மரக்கட்டை. அதன் மேல் இரண்டு சின்னக் கால்கள். ஆறேகால் அடிக்காரனின் ஸ்கூட்டரில் கண்ணாடி அவ்வளவு தாழ்வாக யாருக்காகத் திருப்பப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது. தொப்பையைப் பார்த்துச் சிரித்தவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"வண்டிச் சாவி," என்றான்.

"என் மேசையிலதான் வச்சுட்டுப் போவார்," என்றாள் ஆபரேட்டரம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எப்பவும். 'அக்கா, பார்த்துக்கோங்க'ம்பார்."

நெட்டையின் மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள். மேடம் கையை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"மூணாவது பெட்டி உங்களோடதா?"

"தம்பியோடது. அவன் வேலை செய்யற கம்பெனியும் அட்டைப்பெட்டிதான். இருபத்திரண்டு வருஷம் இந்த ஆபீஸ் பேச்செல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. யாரு ஆர்டர் குடுக்கறாங்கன்னு எப்பவாவது அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவேன். அவன் பிழைப்பு ஓடுச்சு. இந்தப் புது போன் வந்ததும் எல்லாரும் நேரா பேசிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. அவன்தான் அந்தப் பெட்டியைக் குடுத்தான். மேனேஜர் லைன்ல மட்டும் சொருகிட்டு வா, அவர் பேசறதெல்லாம் இங்க கேக்கும்னான்."

"சொருகினீங்க."

"இரும்பு அறை வழியாத்தான் அந்த ஒயர் போகுது. யார் கண்ணுலயும் படாதுன்னு நெனச்சேன். அவர் மோப்பம் பிடிச்சுட்டார். செவ்வாய்க்கிழமை எல்லாரும் போனப்புறம், 'அக்கா, அந்த அறையைத் திறங்க'ன்னார். அலமாரியை அவரே நகர்த்தினார், நான் திறந்து விட்டேன். உள்ள போய் பெட்டியைக் கையில எடுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திட்டேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் யோசிக்கலாம்னுதான் சாத்தினேன், மேடம். சத்தியமா. ஒரு நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் திறந்தா என்ன சொல்றதுன்னு தெரியல. நேரம் ஆக ஆக, சொல்றதுக்கு இன்னும் கஷ்டமாயிட்டே போச்சு. கோப்பெல்லாம் இறக்கி, அலமாரியைப் பழையபடி தள்ளி, திரும்ப அடுக்கிட்டு, வண்டியைக் கொண்டுபோய் கிளை வாசல்ல விட்டேன். மறுநாள் காலையில திறக்கலாம்னு வந்தேன். போன் அடிச்சுது."

"தண்ணி?" என்றாள் நெட்டையின் மனைவி. "அக்கா, உள்ள தண்ணி இருக்கா?"

ஆபரேட்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

செவ்வாய் மாலை. இன்று வெள்ளி. ரேடியோ மனதுக்குள் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

மேடம் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ஆபரேட்டரம்மா சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டப்பாவுக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி ஒரு சாவி இருந்தது. ஒரு சாண் நீளம். ரேடியோ அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். தண்ணீர் பாட்டிலோடு நெட்டையின் மனைவி பின்னால் ஓடி வந்தாள்.

மேனேஜரின் அறை ஜில்லென்று இருந்தது. மேசையில் ஒரு தூசு இல்லை. பின் சுவரில் கோப்பு அலமாரி. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். நகரவில்லை. மறுபடி தள்ளினார்கள். கோப்புகள் பொலபொலவென்று தலையில் கொட்டின. அலமாரி தரையைக் கீறிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் சாம்பல் நிற இரும்புக் கதவு. மேலே கையகலத்துக்கு ஒரு துவாரம், கம்பி போட்டது.

அவள் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "என்னங்க! நான்தாங்க! என்னங்க!"

இரும்பு சத்தத்தை விழுங்கிவிட்டது. அவன் செல்போன் சிக்னலையும் இப்படித்தான் விழுங்கியிருக்கும்.

ரேடியோ துவாரத்தில் காதை வைத்தான். ஏசியின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நாளும் இந்த அறையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதுதான் கேட்டிருக்கும். சுவிட்சை அணைக்கக் கை போனது. சட்டென்று இழுத்துக்கொண்டான். அணைத்தால் உள்ளே இருக்கும் ஒரே வெளிச்சமும் போய்விடும். அந்தப் போனின் திரை.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக ரேடியோவுக்கு ஒன்றும் வரவில்லை.

சாவியை நுழைத்தான். பாதியில் நின்றது. வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி நுழைத்தான். இரண்டு கையாலும் திருகினான். உள்ளே ஏதோ ஒரு கனமான துண்டு அசைந்தது. இன்னொரு சுற்று பாக்கி இருந்தது.

திறந்திருந்த அறைக் கதவு வழியாக, நடைவழியின் அந்தக் கோடியில் வரவேற்பு மேசை தெரிந்தது. மேடம் போனுக்கு மேல் குனிந்திருந்தாள். காதை ஸ்பீக்கரில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்படியே அசையாமல். பக்கத்தில் ஆபரேட்டரம்மா மறுபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காதிலிருந்து கையை எடுக்காமலே அவள் கேட்டது நடைவழி முழுக்கக் கேட்டது.

"இன்னும் சத்தம் வருதா, மேடம்?"